நூற்றைம்பது நாள் விடுப்பு

புக்கிட் காத்திலில் தாமான் என்று சொல்லும் அந்தச் சின்னக் குடியிருப்பின் முப்பத்தெட்டு வீடுகளுக்கும் ஒரே நாளில் ஒரே நிற உறையில் கடிதம் வந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் நகராண்மைக் கழகம் நல்ல செய்தி அனுப்பிய வரலாறு கிடையாது. ஆகவே உறையைப் பிரிக்கும் முன்பே பாதிப் பேர் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். பிரித்த பிறகு மீதிப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஜனவரியிலிருந்து வீடுகளின் மதிப்பு உயர்கிறது. அரையாண்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு வெள்ளி வரி கட்டிய வீடு இனி இருநூற்றுப் பத்தொன்பது கட்ட வேண்டும்.

ஏன் என்ற கேள்விக்கு அன்று மாலையே பதில் கிடைத்தது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் வடிவேலு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தித் துணுக்கைப் போட்டார். கழகத்தின் வரவில் பெரும்பங்கு ஊழியர் சம்பளத்துக்கும், அவர்களின் பென்ஷனுக்குக் கட்டும் பங்குக்கும், ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கும் போய்விடுகிறது, கால்வாய் வெட்டக் காசில்லை என்று கழகத்தின் தலைவரே சொல்லியிருந்தார். அதற்குக் கீழே வடிவேலு தன் பங்குக்கு எழுதினார்: 'நம்ம வாசல் லோங்காங் தண்ணி ஏன் நாறுதுன்னு இப்ப புரியுதா? நம்ம தாமான்லயே பென்ஷன் வாங்குறவங்க இருக்காங்க. பேர் சொல்ல விரும்பல.'

சொல்லத் தேவையும் இல்லை. தாமானில் பென்ஷன் வாங்குகிறவர் ஒரே ஒருவர்தான், பதினேழாம் எண் வீட்டு பாக்கியலட்சுமி. அதே கழகத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் கிராணியாகக் கோப்பு எழுதி, பதினோரு மாதத்துக்கு முன்னால் அறுபது வயதில் ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருந்தார். செய்தியைப் படித்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் போட்டார். அந்தக் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று வடிவேலு இரண்டு நாள் யோசித்ததாகக் கேள்வி.

அர்த்தம் ஒன்றும் ஆழமானதில்லை. வரி ஏறியதில் பாக்கியலட்சுமிக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

விஷயம் இதுதான். கழகத்தில் எடுக்காத விடுப்பைச் சேர்த்து வைத்தால் ஓய்வு பெறும்போது அதைக் காசாக்கித் தருவார்கள். பாக்கியலட்சுமி நூற்றைம்பது நாள் சேர்த்திருந்தார். அது தானாகச் சேரவில்லை. புருஷனின் கருமாதி முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் தன் மேசையில் இருந்தார். தங்கை கல்யாணத்தில் தாலி ஏறும்வரை நின்று, பந்திக்கு உட்காராமல் திரும்பி, மத்தியானத்துக்குள் பத்து பெரண்டாம் என்ற ஊரின் வீடுகள் இருபதின் மதிப்பை ஏற்றினார். இப்படி நாள் நாளாகக் கிள்ளிச் சேர்த்தது, கடைசிச் சம்பளக் கணக்கில் இருபத்தோராயிரம் வெள்ளி.

அந்தப் பணத்தை நம்பி அடுப்படிக் கூரையைப் பிரித்தாயிற்று. கூரைக்காரர் ஓடுகளை இறக்கினார், மூவாயிரம் முன்பணம் வாங்கினார், மீதி வந்ததும் வருகிறேன் என்று நீலக் கான்வாஸ் ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். அது நடந்து ஏழு மாதம். மழை பெய்தால் பாக்கியலட்சுமி ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகக் குழம்பு கூட்டினார்.

வாரா வாரம் கழகத்தின் நிதிப் பிரிவில் இருக்கும் திலகாவுக்குப் போன் செய்வார். முன்பு அவரிடம் வேலை பழகிய பெண்.

"எங்கிட்ட கேட்டு என்னக்கா பண்றது? உங்களுக்கு முன்னால ரிட்டையர் ஆனவங்களே இன்னும் வரிசையில நிக்கிறாங்க. கஜானா காலி லா."

"எப்பதான் குடுப்பீங்க?"

"ஜனவரில புது வரி வரட்டும். வந்தா குடுத்துருவாங்க. யாரும் ஆட்சேபம் கீட்சேபம்னு போட்டு கெடுக்காம இருக்கணும்."

ஆகவே பாக்கியலட்சுமியின் கூரை இப்போது அக்கம்பக்கத்தாரின் பணப்பையில் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சமூக மண்டபத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர் இருந்தார்கள். பாக்கியலட்சுமியின் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாக இருந்தன.

வடிவேலு பேசினார். அவர் பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசர். அவருக்குப் பென்ஷன் கிடையாது, சேமநிதி மட்டும்தான். அதை ஐம்பத்தைந்து வயதில் மொத்தமாக எடுத்து மகனுக்குக் கோழிக்கடை வைத்துக் கொடுத்தார். கடை எட்டே மாதத்தில் மூடியது. அன்றிலிருந்து மாதாமாதம் யாருக்காவது பணம் வருகிறது என்று கேட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"நான் யாரையும் குத்திக் காட்டல," என்றார் பாக்கியலட்சுமியைப் பார்த்து. "ஆனா சிலர் வேலை செஞ்ச காலத்திலயும் உக்காந்துதான் இருந்தாங்க. இப்பவும் உக்காந்துதான் இருக்காங்க. எடம்தான் மாறிருக்கு."

மண்டபம் சிரித்தது. முனைக்கடை மளிகைக்காரர் ஜமாலுதீன் பாய் எழுந்தார். அவர் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார், அதனால் கூடுதலாக வலிக்கும்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நான் கடைய சாத்தினா எனக்கு அல்லாதான் குடுக்கணும். உங்களுக்கு நாங்கதானே குடுக்கிறோம்."

பாக்கியலட்சுமி எழவில்லை. "என் பென்ஷன் புத்ராஜெயாலேர்ந்து, மத்திய அரசாங்கத்துலேர்ந்து வருது பாய். கழகம் கட்டுறது இப்ப வேலையில இருக்கிறவங்களுக்கான பங்கு. ரெண்டும் வேற."

"எந்தப் பக்கமா சுத்தி வந்தாலும் அது நம்ம காசுதானே லெட்சுமி," என்றார் வடிவேலு.

"நம்ம காசா? வடிவேலண்ணே, நீங்க வீட்டு வரிய கடைசியா எந்த வருஷம் ஒழுங்கா கட்டினீங்க? எங்க பிரிவுக்கு அந்த லிஸ்ட் வரும். எனக்கு ஞாபகம் இருக்கு. இங்கயே சொல்லட்டுமா?"

வடிவேலு தண்ணீர் குடித்தார். அந்த இடைவெளியில் எல்லாருமாக ஆட்சேபம் தெரிவிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆட்சேபத்துக்கென்று உள்ள படிவத்தை, பாரத்தை, நிரப்ப வேண்டும். கழகம் மதிக்கிற மாதிரி அலுவலக மலாயில் காரணம் எழுத வேண்டும். கடைத்தெருவில் மலாய் பேசி மீன் விலையைப் பாதியாக்கத் தெரிந்தவர்கள் முப்பது பேரும். அலுவலக மலாய் எழுதத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் ஒருவர்தான். தலைகள் ஒவ்வொன்றாக அந்தக் காலி நாற்காலிகளின் பக்கம் திரும்பின.

ஜமாலுதீன் பாய் தொண்டையைச் செருமினார். "அக்காவுக்கு நாளைக்கு காலைல நேரம் இருக்குமா?"

மறுநாள் காலை பாக்கியலட்சுமி கார் நிறுத்துமிடத்தில் மேசை போட்டார். வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் வடிவேலு. கேட்டைத் திறந்து வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

பென்ஷன் என்பது ஆட்சேபத்துக்குக் காரணமே ஆகாது என்று பாக்கியலட்சுமிக்குத் தெரியும். கழகம் தன் காசை எப்படிச் செலவழிக்கிறது என்பதை அந்த விசாரணையில் கேட்க மாட்டார்கள். வீட்டுக்குப் போட்ட மதிப்பு அதிகம், வீடு அவ்வளவு பெறாது என்று காட்டினால் மட்டும் குறைப்பார்கள். முப்பத்தெட்டும் முப்பது வருஷப் பழைய வீடுகள். உண்மையைச் சொன்னாலே பாதிக்குப் பாதி குறையும். இதைச் சொல்லாமல் மறைப்பது பாவம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் இதை அன்பாகச் சொன்னால் கேட்டுவிடுவார்கள்.

எனவே உண்மையை அன்பில்லாமல் சொன்னார்.

"வடிவேலண்ணே, நல்லா கேட்டுக்குங்க. உங்க வீடு ஒரு குப்பைன்னு எழுதணும். சுவரு வெடிச்சுப் போச்சு, கக்கூஸ் ஒழுகுது, பிச்சக்காரன்கூட வாடகைக்கு வரமாட்டான். இப்படி எழுதினாத்தான் குறைப்பாங்க. எழுதவா?"

வடிவேலு திரும்பி வரிசையைப் பார்த்தார். வரிசை அவரைப் பார்த்தது. அவர் வீட்டில்தான் தாமானிலேயே முதன்முதலில் தானாகத் திறக்கும் கேட் வந்தது.

"என் வீட்டையா குப்பைங்கிறீங்க? மொதல்ல உங்க கூரைய பாருங்க. சர்க்கஸ்காரன் கூடாரம் மாதிரி கான்வாஸ கட்டிட்டு பேச வந்துட்டாங்க."

"அப்ப வேணாமா?"

"உண்மைய எழுதுங்க. பென்ஷன பத்தி எழுதுங்க."

"உங்க இஷ்டம்," என்று பாக்கியலட்சுமி பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க."

"கழகத்துல வேல பாத்தவங்கள்லாம் சும்மா குந்தி தின்னுட்டு…"

'எவ்விதப் பங்களிப்புமின்றித் தொடர்ந்து பலன்களைப் பெற்று வரும் நிலையில்' என்று அவர் மலாயில் எழுதினார். வேண்டுமென்றே மோசமாக எழுதியிருக்கலாம். ஆனால் முப்பத்து நான்கு வருஷப் பழக்கம். கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தன்னைத் திட்டும் வார்த்தைகளுக்கு ஒவ்வொன்றாக நல்ல சொல் தேடிப் போட்டார். கடைசியில், முத்தாய்ப்பாக ஒன்று இல்லாவிட்டால் கடிதம் மொட்டையாக இருக்கும் என்று, வடிவேலு சொல்லாத வாக்கியம் ஒன்றையும் சேர்த்தார்: 'நேற்றைய ஊழியர்களின் ஓய்வுக்காக இன்றைய குடிமக்களின் தேவைகள் பலியிடப்படலாகாது.'

வாசித்துக் காட்டினார். வடிவேலு அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"நச்சுனு இருக்கே," என்றார் பின்னால் நின்ற ஜமாலுதீன் பாய். "எனக்கும் அதையே போட்ருங்கக்கா."

எல்லாருக்கும் அதையே போட்டார். மத்தியானம் இரண்டு மணிக்குள் முப்பத்தேழு பாரங்கள் முடிந்தன. ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்கவில்லை. அவரும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் விசாரணை. கழகத்தின் கூட்ட அறையில் மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் மூன்று பேர், முன்னால் ஒரு நாற்காலி, அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தாமான். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேறு அறை இல்லை. பாக்கியலட்சுமியும் போயிருந்தார்; மொழி தட்டினால் உதவிக்கு வேண்டும் என்று சங்கம் கட்டளையிட்டிருந்தது.

நடுவில் இருந்த மலாய் அதிகாரி சாது. வடிவேலுவின் பாரத்தைப் படித்தார். கடைசி வாக்கியத்தில் நின்றார். இன்னொரு தடவை படித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்.

"இது மிக நன்றாக இருக்கிறது. யார் எழுதியது?" என்று மலாயில் கேட்டார்.

"நான்தான்," என்றார் வடிவேலு.

அதிகாரி அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, பென்ஷன் இந்தக் குழுவின் விஷயம் இல்லை, வீட்டின் மதிப்பை மட்டும்தான் நாங்கள் பார்க்க முடியும் என்று விளக்கினார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. "வீட்டில் ஏதாவது குறை உண்டா? ஒழுகல், விரிசல்? இருந்தால் சொல்லுங்கள், குறைக்கப் பார்க்கிறேன்."

ஒழுகுகிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். வடிவேலுவின் முதுகுக்குப் பின்னால் முப்பத்தாறு வீட்டுக்காரர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க வீட்டிலயா?" என்றார் வடிவேலு. "ஒரு குறையும் கிடையாது."

சும்மா எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னது போதுமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தானாகத் திறக்கும் கேட், மூன்று ஏர்கான், சீனாவிலிருந்து வந்த தரைக்கல் என்று வரிசையாகச் சொன்னார். அதிகாரி வருத்தத்தோடு எழுதிக்கொண்டார்.

அடுத்தது ஜமாலுதீன் பாய். அவர் விவரமானவர், தனியாகக் கேட்டிருந்தால் அழுதே காட்டியிருப்பார். ஆனால் மனைவி ரம்லா பக்கத்து வரிசையில் இருந்தார், வடிவேலுவின் தரைக்கல் இன்னும் காற்றிலேயே மிதந்துகொண்டிருந்தது.

"பின்னால பதினஞ்சடி இழுத்து அடுப்படி கட்டிருக்கேன்," என்றார். "கிரானைட் மேசை."

"அனுமதி வாங்கினீர்களா?"

பாய் அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அதன்பின் வந்தவர்களில் யாருக்கும் ஒழுகவில்லை, யாருக்கும் விரிசல் விடவில்லை. மாலையில் முப்பத்தேழு ஆட்சேபங்களும் தள்ளுபடியாயின. ஒன்பது வீடுகளுக்கு, அவர்களே வாயால் சொன்ன விரிவாக்கத்தைச் சேர்த்து மதிப்பு இன்னும் கொஞ்சம் ஏறியது.

கதவில் ஒட்டியிருந்த பட்டியலை வடிவேலு இரண்டு தடவை எண்ணினார்.

"பதினேழாம் நம்பர் இல்லையே. நீங்க ஆட்சேபம் போடலையா?"

"இல்ல."

"கூரையே இல்லாத வீடு. உங்களுக்குத்தான் மொதல்ல குறைச்சிருப்பாங்க."

"எனக்கு என் வீடு போதும்ணே."

வடிவேலு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாக ஏதோ விளங்கியது. "வேணும்னே செஞ்சீங்க. இந்த வரி வரணும் உங்களுக்கு. அதுல ஏதோ வரவேண்டியிருக்கு."

"குப்பைன்னு எழுதினா குறையும்னு மொதல் ஆளா உங்ககிட்டத்தான் சொன்னேன்."

"சொன்ன மொறையா அது?"

"மொறையா சொன்னா நீங்க எப்ப கேட்டிருக்கீங்க?"

அன்றிலிருந்து ஜமாலுதீன் பாய் கடையில் பாக்கியலட்சுமி கேட்பது எதுவுமே இருப்பதில்லை. ரொட்டி அவர் கண் முன்னால் அடுக்கியிருக்கும். "இது ஆர்டர் பண்ணது அக்கா," என்பார் பாய், மிக மரியாதையாக. பாக்கியலட்சுமி ரொட்டிக்காக ஆயர் குரோ வரை கார் ஓட்டினார். ஓட்டும்போது பாட்டுக்கூடப் போட்டுக்கொண்டார். ஜனவரி வந்துவிட்டது, வரி வந்துவிட்டது, கூரைக்காரருக்குத் தேதி சொல்லியாகிவிட்டது.

ஜனவரி கடைசியில் கழகத்தின் கடிதம் வந்தது. கான்வாஸுக்குக் கீழே நின்றே பிரித்தார்.

அவர் சேவைக்கு நன்றி சொல்லித் தொடங்கியது கடிதம். அண்மைய மதிப்பீட்டு விசாரணையில் வரி செலுத்துவோர் வலுவான கருத்துகளைத் தெரிவித்திருப்பதாகவும், அவற்றை நிர்வாகம் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டதாகவும் சொன்னது. அதன் பிறகு மேற்கோள் குறிக்குள், தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம்: 'நேற்றைய ஊழியர்களின் ஓய்வுக்காக இன்றைய குடிமக்களின் தேவைகள் பலியிடப்படலாகாது.' ஆகவே புதிய வரவு முதலில் கால்வாய்ப் பணிகளுக்குச் செலவிடப்படும். விடுப்புப் பணம் நிதி நிலைக்கு ஏற்ப அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.

பாக்கியலட்சுமி அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தார். ஒரு எழுத்தை மாற்றவில்லை பாவிகள். மாற்ற இடமும் இல்லை. அவ்வளவு சரியாக எழுதியிருந்தார்.

திலகாவுக்குப் போன் போட்டார்.

"ஆமாக்கா, நானும் பாத்தேன். அந்த வரி செம. எங்க செயலாளர் மீட்டிங்ல ரெண்டு தரம் வாசிச்சாரு. யாரோ வடிவேலுன்னு ஒருத்தர் எழுதினதாம்."

"நான் எழுதினது."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு திலகா, "ஏங்க்கா உங்களுக்கு இந்த வேல?" என்றாள்.

"என் நாள் லா திலகா. நூத்தம்பது நாள். நான் போகாத எடமெல்லாம் அதுல இருக்கு."

"எனக்குப் புரியுது. ஆனா இப்ப புதுசா சேர்ந்த எங்களுக்கெல்லாம் பென்ஷனே கிடையாது. நீங்க ஒரு வருஷம் லேட்டா வருதுன்னு எங்கிட்ட அழுறீங்க. நான் யாருகிட்ட போய் அழட்டும்?" என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வடிவேலு குழுவில் போட்டார்: 'சங்கத்தின் போராட்டத்துக்கு வெற்றி. நம்ம லோங்காங் வேலை பிப்ரவரில ஆரம்பம்.' முப்பத்தாறு பேர் கட்டைவிரல் போட்டார்கள். பாக்கியலட்சுமி போடவில்லை.

பிப்ரவரி மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண் தோண்டும் இயந்திரம் லாரியில் வந்து இறங்கியது. கால்வாய் பதினேழாம் எண் வாசலில்தான் தொடங்குகிறது. இயந்திரம் இறங்க அது ஒன்றுதான் இடம். அந்த இடத்தில் பாக்கியலட்சுமியின் வெள்ளை மைவி கார் நின்றது. அதற்குள் பாக்கியலட்சுமி இருந்தார்.

குத்தகைக்காரரின் மேற்பார்வையாளன் கிஷன் கண்ணாடியைத் தட்டினான். "ஆன்ட்டி, காடிய கொஞ்சம் பின்னால எடுங்க."

"எடுக்க முடியாது தம்பி."

"பெட்ரோல் இல்லையா?"

"இருக்கு. கழகம் எனக்கு இருபத்தோராயிரம் வெள்ளி தரணும். அந்தக் காச கொண்டு வந்துதான் இங்க கொட்டப் போற. எனக்குக் குடுத்துட்டு மிச்சத்துல தோண்டு."

வடிவேலு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் கடையை அப்படியே போட்டுவிட்டு பாய்.

"லெட்சுமி, ஊர் வேலைய மறிக்காதீங்க. அசிங்கமா இருக்கு."

"நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். அசிங்கம் அப்ப தெரியலையா?"

"நாங்க என்ன, உங்க காச நிறுத்துங்கன்னா சொன்னோம்? எங்களுக்கு எப்படித் தெரியும் உங்களுக்கு அப்படி ஒரு காசு இருக்குன்னு?"

"தெரிஞ்சிருந்தா நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டீங்களா?"

வடிவேலு வாயைத் திறந்தார். முப்பது வருஷ அக்கம்பக்கத்தில் அவர் பொய் சொல்லத் தயங்கியது அன்று ஒரு தடவைதான். கைலியை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

கிஷன் கழகத்தின் அமலாக்கப் பிரிவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில்தான் பேசினான், எல்லாருக்கும் கேட்டது. காடியை இழுத்துப் போக வேண்டும், உடனே வாருங்கள் என்றான். மறுமுனையில் ஒரு களைத்த குரல், இழுக்கும் லாரி இருக்கிறது, ஓட்டுகிறவர் டிசம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார் என்றது.

"வேற ஆள் போடலையா?"

"பட்ஜெட் இல்லை. அந்தப் பணியிடத்தை முடக்கி வைத்திருக்கிறோம்."

"எப்பதான் ஆள் வரும்?"

"நீங்கள் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்," என்றது குரல்.

இயந்திரக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, முன்சக்கர நிழலில் தே தாரிக் தேநீர்ப் பொட்டலத்தை அவிழ்த்தார். ஜமாலுதீன் பாய் வடிவேலுவைப் பார்த்தார். வடிவேலு பாயைப் பார்த்தார். அந்த விண்ணப்பத்தை அலுவலக மலாயில் யார் எழுதுவது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"எத்தன நாளைக்கு இப்படியே உக்காந்திருப்பீங்க?" என்றார் வடிவேலு கடைசியில்.

பாக்கியலட்சுமி கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார். "இன்னிக்கு தேதி பதினாறு. இருபத்தஞ்சாந் தேதி பென்ஷன் வரும். பெட்ரோலுக்குக் கவலை இல்லண்ணே," என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கானைக் கூட்டி வைத்தார்.